காய்ந்த தொட்டியைக் கவிழ்க்காதீர்கள்: செடிகளின் ஆயுள், கேள்வி பதில்

கேள்வி: தொட்டியில் வைத்த செங்காந்தள் ஐப்பசியில் நன்றாகப் பூத்தது. தையில் மொத்தமாகக் காய்ந்துவிட்டது. தினமும் தண்ணீர் ஊற்றியும் துளிர்க்கவில்லை. செத்துவிட்டதா?

பதில்: அந்தத் தண்ணீரால்தான் சாகும். செங்காந்தள் பல்லாண்டுச் செடி, ஆனால் கொடி ஒரு பருவத்துக்குத்தான். காய் முற்றும்போது சத்தெல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிடும். பழைய கிழங்கு சுருங்கி, அதன் இடத்தில் கவட்டை வடிவத்தில் புதுக் கிழங்கு திரண்டிருக்கும். தொட்டியை மழை படாத இடத்தில் வைத்துவிட்டு ஆனி, ஆடி வரை மறந்துவிடுங்கள். தூங்கும் கிழங்குக்குத் தண்ணீர் ஊற்றினால் அழுகும். தோண்டிப் பார்ப்பதானால் குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். அதிலுள்ள கால்ச்சிசின் ஆளைக் கொல்லும் விஷம்.

கேள்வி: பொங்கலுக்கு அப்புறம் மஞ்சள் செடி காய்ந்துவிட்டது. என்ன உரம் போடலாம்?

பதில்: உரமா? தோண்டி எடுத்துச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மண்ணிலேயே விட்டுவையுங்கள், மழைக்கு முளைக்கும். தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கேள்வி: செண்டுமல்லி, செவ்வந்தி இரண்டும் பூத்து ஓய்ந்துவிட்டன. எதை வைத்துக்கொள்வது?

பதில்: செண்டுமல்லி ஓராண்டுச் செடி. விதை பிடித்தால் கதை முடிந்தது. வாடிய பூவை உடனுக்குடன் கிள்ளிவந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஏமாற்றிப் பூக்க வைக்கலாம், அவ்வளவுதான். செவ்வந்தியை வைத்துக்கொள்ளுங்கள். பூத்த தண்டை அடியோடு ஒட்டி வெட்டினால் பக்கக் கன்றுகள் கிளம்பும், பிரித்து நடலாம். கோடையில் வெறும் இலையாக நிற்கிறதே என்று உரத்தைக் கொட்ட வேண்டாம். இரவு நீளும்போதுதான் அது மொட்டு வைக்கும். ராத்திரி முழுக்கத் தெருவிளக்கு அதன்மேல் விழுந்தால் பூ தள்ளிப்போகும்.

கேள்வி: செம்பருத்தியில் மாவுப்பூச்சி. மருந்து சொல்லுங்கள்.

பதில்: இன்றைக்கு ஆயுள் மட்டும். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: மாடியில் வைத்த கத்தரி எட்டு மாதமாகிறது. காய் சிறுத்துவிட்டது. பிடுங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். கத்தரி இயல்பில் பல்லாண்டுச் செடி. முக்கால் அடி விட்டு வெட்டி, தொழுவுரம் வையுங்கள். புதுக் கிளை வந்து மறுதாம்பாகக் காய்க்கும்.

குறுக்கே ஒருவர்: நான் கத்தரி விவசாயி. கிழட்டுச் செடியை வைத்திருந்தால் தண்டுத்துளைப்பான் புழுவைத்தான் வளர்ப்பீர்கள். தப்பான யோசனை.

பதில்: வயலுக்கு நீங்கள் சொல்வது சரிதான். ஒரு ஏக்கரில் நுனி நுனியாகப் பார்க்க முடியாது, உழுதுவிடுவதே மேல். மாடியில் நாலு செடிக்கு, புழு புகுந்து வாடிய நுனியைக் கையால் கிள்ளி அழித்துவிடலாமே!

இன்னொருவர்: அப்படியானால் ஓராண்டு முருங்கை என்கிறார்களே, அதை வருஷம் முடிந்ததும் பிடுங்க வேண்டாமா?

பதில்: பெரியகுளத்து பி.கே.எம். 1 என்ற முருங்கை ரகம் விதைத்து ஆறு மாதத்துக்குள் காய்ப்பதால் அப்படி அழைக்கிறார்கள். ஒரு வருஷத்தில் அது சாவதில்லை. அறுவடைக்குப் பின் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட்டு 3 ஆண்டு வரை காய் எடுக்கிறார்கள்.

விவசாயி: முருங்கையும் கத்தரியும் ஒன்றா?

பதில்: இல்லைதான். செடி எத்தனை நாள் வாழும் என்று அவர் கேட்டார், எத்தனை நாள் கட்டுப்படியாகும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இரண்டும் வேறு. போதும், அடுத்தவர்.

கேள்வி: மழை லில்லி இலையெல்லாம் காய்ந்து...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நீலக்குறிஞ்சியைச் சென்னையில் வளர்க்கலாமா?

பதில்: உயர்ந்த மலைப் புல்வெளிச் செடி அது, சென்னை வெயிலுக்கு வராது. 12 வருஷம் இலையாக நின்று, ஒரே தடவை பூத்து, விதை விட்டதும் செத்துப்போகும். 2006, 2018 என்று பூத்தது. அந்த மாதிரி ஒன்று வேண்டுமென்றால் வாழை வையுங்கள். தார் போட்ட மரம் மறுபடி போடாது, ஆனால் பக்கத்திலேயே கன்று நிற்கும்.

கேள்வி: கொத்தமல்லி பங்குனியில் பூத்துவிட்டது. வெட்டிவிட்டால் மறுபடி இலை வருமா?

பதில்: வராது. விதை முற்றட்டும், ரசத்துக்கு ஆகும்.