உங்கள் ஊரின் பழைய கடை விளம்பரங்களில் மறக்க முடியாதது எது?

கேள்வி கேட்டவர் சென்னை ஸ்பென்சர் மாதிரிப் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் பழைய பத்திரிகை விளம்பரங்களைச் சொல்லிவிட்டு, சிற்றூர்க் கடைகள் அந்தக் காலத்தில் எப்படி விளம்பரம் செய்தன, ஊர் வாழ்க்கையில் அதற்கு என்ன இடம் இருந்தது என்று கேட்டிருக்கிறார். நான் பாம்பனில் பிறந்து வளர்ந்தவள். வாக்கப்பட்டு வந்தது ராமநாதபுரத்துக்கு. எனக்குத் தெரிந்த 1970, 80-களை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் கரையில் 'பெரிய கடை' என்று யாராவது சொன்னால் வீட்டுப் பெரியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது கொழும்புதான். மதுரையும் சென்னையும் அதற்குப் பிறகு. எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், கொழும்பின் கடைவீதியான புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். ராமநாதபுரம் சீமையிலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் ஏராளம். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் வந்தபின் எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. 'ராமானுஜம்' என்ற அந்தக் கப்பலை நானே பார்த்திருக்கிறேன். 1984-ல் அதுவும் நின்றது.

ஐயா கொண்டுவந்த ட்ரங்குப் பெட்டியின் உள்பக்கம் முழுக்க 'வீரகேசரி' தாள் ஒட்டியிருக்கும். 1930-ல் கொழும்பில் அந்தப் பத்திரிகையைத் தொடங்கிய சுப்பிரமணியம் செட்டியார் ஆவணிப்பட்டிக்காரர். அன்றைக்கு அது ராமநாதபுரம் மாவட்டம். பெட்டி மூடியில் துணிக்கடை, கடிகாரக் கடை, குடைக் கடை விளம்பரங்கள். நான் எழுத்துக் கூட்டிப் படித்ததில் பாதி அந்த மூடியில்தான். போகாத கடைகளின் தெருப் பெயரெல்லாம் மனப்பாடம். ஐயாவிடம் கேட்டால் கொழும்புக் கோட்டையில் 1906-ல் திறந்த கார்கில்ஸ் கட்டடத்தைப் பற்றிச் சொல்லுவார். சிவப்புச் செங்கல், உள்ளே துணி, மருந்து, பாத்திரம் எல்லாம் தனித்தனிப் பகுதியாக இருக்குமாம். அவர் அங்கே ஒரு சாமானும் வாங்கியதில்லை. வாசலில் நின்று கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு வருவாராம். ஆனாலும் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் பெருமை இருக்கிறதே, அந்தக் கடையின் முதலாளிக்குக்கூட அவ்வளவு இருந்திருக்காது.

அடுத்தது வானொலி. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கரைக்கே உரிய விஷயம் அது.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். மத்திய அலைவரிசை வானொலி அலை காய்ந்த நிலத்தைவிட உப்புத் தண்ணீரின் மேல் அதிகம் தேயாமல் வெகுதூரம் போகும். அதனால் மதுரைக்காரர்கள் ரேடியோவைத் திருப்பித் திருப்பி வைத்துக் கேட்ட இலங்கை வானொலி, எங்களுக்குப் பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரிக் கேட்கும். அகில இந்திய வானொலியில் 1967 வரைக்கும் விளம்பரமே கிடையாது. விவித் பாரதியில் அந்த வருஷம் ஆரம்பித்ததும் பம்பாய்ப் பக்கம்தான். இலங்கை வானொலியின் வர்த்தக சேவையோ 1950-களிலிருந்தே நடந்தது. ஆகவே தமிழில் பாட்டும் பேச்சுமாக ஒரு பொருளை விற்க முடியும் என்பதை எங்கள் ஊர்ச்சனம் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் முதலில் கேட்டது. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்ற அந்த வானொலி அறிவிப்பாளர்கள் குரல் எங்கள் வீட்டில் உறவுக்காரர் குரல் மாதிரி. நாடுகளின் பெயரை வரிசையாக அடுக்கிச் சொல்லிக் கடைசியில் கோபால் பல்பொடி என்று முடியும் விளம்பரத்தை எங்கள் வகுப்பில் ஒப்பிக்கத் தெரியாத பிள்ளை கிடையாது. அந்த அடுக்கில் 'இந்தியா' என்று வரும்போது நம்மையும் சேர்த்துச் சொல்கிறார்கள் என்று ஒரு சந்தோஷம்.

இதில் முக்கியமான ஒன்று உண்டு. அதே வானொலிதான் பிறந்தநாள் வாழ்த்தும் சொல்லும், மரண அறிவித்தலும் சொல்லும். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய், இன்ன ஊரைச் சேர்ந்தவர் காலமானார், நல்லடக்கம் இத்தனை மணிக்கு என்று நிதானமாக வாசிப்பார்கள். அக்கரையில் சொந்தம் இருந்த வீடுகளில் அந்த நேரத்துக்கு யாரும் பேச மாட்டார்கள். அப்பத்தா அடுப்படியிலிருந்து கூப்பிடும்: "சத்தத்தைக் கூட்டுத்தா, யாரு பேரு சொல்றாகன்னு கேளு." வாசிப்பு முடிந்ததும் சோப்பு விளம்பரம், அப்புறம் பாட்டு. கடிதம் வந்து சேரப் பல நாள் ஆன காலத்தில், விற்பனைச் செய்தியும் சாவுச் செய்தியும் ஒரே குரலில் வந்ததால்தான் அந்தக் குரலை நாங்கள் நம்பினோம் என்று நினைக்கிறேன். பல்பொடியைப் பற்றிச் சொன்னாலும் நம்பினோம்.

ஊருக்குள்ளும் இதே கதைதான். பாம்பனில் மைக்செட் வைத்திருந்தவர் ஒருவர்தான் எல்லாவற்றுக்கும். மாட்டு வண்டியில் கூம்புக் குழாயைக் கட்டிக்கொண்டு வருவார். தேவாலயத் திருவிழா கொடியேற்றம், ஏர்வாடி சந்தனக்கூடு, ராமேஸ்வரத்தில் ஆடித் திருக்கல்யாணம், டூரிங் டாக்கீஸில் படம் மாறியது, அம்மை குத்த ஆள் வந்திருப்பது, சந்தையில் காணாமல் போன பிள்ளை, இதற்கு நடுவில் ஜவுளிக்கடையில் புதுச்சரக்கு இறங்கியிருப்பது. தனித்தனி வண்டியா வரும்? ஒரே வண்டி, ஒரே ஆள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் வண்டியை நிறுத்துவார். கச்சான், அதாவது மேல்காற்று, அடிக்கும் நாளில் தெருவின் மேற்குக் கோடியில் நின்று பேசினால் கிழக்குக் கோடிவரை கேட்கும் என்பது அவர் கணக்கு. ரோஸ் நிற, மஞ்சள் நிற நோட்டீஸை அள்ளி வீசுவார். பொறுக்க ஓடும் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. படித்துக் காட்டினால் அப்பத்தா வெற்றிலைப் பெட்டியிலிருந்து காசு தரும்.

அந்த நோட்டீஸ்களின் நடை எனக்கு இன்னும் பிடிக்கும். 'எமது ஸ்தாபனத்துக்கு விஜயம் செய்து ஆதரவு நல்குமாறு அன்புடன் வேண்டுகிறோம்' என்றுதான் எழுதுவார்கள். கல்யாணப் பத்திரிகைக்கும் கடை நோட்டீஸுக்கும் மொழியில் பெரிய வித்தியாசம் இருக்காது. இரண்டையும் ஒரே அச்சகத்தில், ஒரே எழுத்தை வைத்து அடிப்பார்கள். கீழே நாலு வரியில் கடைக்காரரின் பெயரும், அரண்மனைக்கு எந்தத் திசை, எந்த மரத்தடி என்ற அடையாளமும் இருக்கும்.

தீபாவளி, கிறிஸ்துமஸ், பெருநாள் மூன்றுக்கும் துணி எடுக்க ராமநாதபுரம் சாலைத் தெருவுக்குத்தான் போவோம். 1988-ல் இந்திரா காந்தி சாலைப் பாலம் திறக்கும்வரை தீவிலிருந்து ரயில்தான் வழி. கடைக்காரர்களுக்கு ரயில் நேரம் அத்துபடி. அம்மாவைப் பார்த்ததும், "வாங்கத்தா, பாம்பன் வண்டி இன்னைக்கு லேட்டோ? ஒக்காருங்க, தண்ணி குடிங்க," என்பார் கடைக்காரர். பிள்ளைகளுக்குக் கலர் வாங்கித் தருவார். ஊரில் மீன்பாடு எப்படி, வத்தை (சிறு படகு) கடலுக்குப் போகுதா, நண்டு கிடைக்குதா என்று விசாரித்த பிறகுதான் துணியைப் பிரிப்பார். வெறும் உபசாரத்துக்குக் கேட்டதில்லை அது. பாடு இல்லாத காலத்தில் பற்று நோட்டில் எழுதிக்கொண்டு துணியைக் கொடுத்தனுப்பினால்தான் அவருக்கு வியாபாரம். யாருக்கு எவ்வளவு கடன் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். எந்த மாசத்தில் கேட்கக் கூடாது என்பதும் தெரியும்.

துணியைப் போட்டுத் தரும் மஞ்சப்பையில்தான் கடையின் விளம்பரமே. ஒரு பக்கம் கடை பெயர், மறுபக்கம் பிள்ளையாரோ தாமரையோ. தோய்த்துத் தோய்த்து எழுத்து மங்கும்வரை அந்தப் பை பள்ளிக்கூடத்துக்கும் ரேஷனுக்கும் போகும். பிறகு கிழித்து அடுப்படித் துணி. 2021-ல் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியபோது எனக்கு ரொம்ப நிறைவாக இருந்தது. பலசரக்குக்குப் பை கொடுக்க மாட்டார் அண்ணாச்சி. கருப்பட்டியைப் பனை ஓலைக் கொட்டானிலும் மற்றதைத் தாள் பொட்டலத்திலும் கட்டித் தருவார்.

வருஷப் பிறப்புக்குக் காலண்டர். சிவகாசியில்தான் அச்சாகும், 1985-ல் மாவட்டத்தைப் பிரிக்கும்வரை சிவகாசியும் ராமநாதபுரம் மாவட்டம்தான் என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) வழிவந்த முருகனும் லட்சுமியும் மேலே, கடை பெயர் கீழே, அதற்கும் கீழே தினசரித் தாள் கட்டு. படம் வீட்டுக்கு வீடு மாறும். பாய் கடைக் காலண்டரில் உருவப்படம் இருக்காது. பள்ளிவாசல் அல்லது பூ, கூடவே ஹிஜ்ரி தேதி. எங்கள் தெருவில் மாதாவும் முருகனும் மக்கா பள்ளியும் அடுத்தடுத்த சுவர்களில். ஆனால் தாளைக் கிழித்ததும் எல்லா வீட்டிலும் முதலில் பார்ப்பது அமாவாசை, பௌர்ணமி எப்போது என்றுதான். நிலவையும் நீரோட்டத்தையும் பார்த்துத்தான் வலை போடுவது. எந்தக் கடை கொடுத்த காலண்டரில் பிறை தெளிவாக அச்சாகியிருக்கிறதோ அந்தக் கடைக்கு மரியாதை. இதைவிட நல்ல விளம்பரத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. வருஷம் முழுக்க, தினம் காலையில், அந்த வீட்டு ஆண்கள் உயிரோடு திரும்பும் தொழிலுக்கு உதவிக்கொண்டே கடையின் பெயரை அது சொன்னது.

சினிமாக் கொட்டகை சிலைடைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணாடியில் கையால் எழுதிய நகைக்கடை, பாத்திரக்கடை விளம்பரம் இடைவேளையில் வரும். மணலில் உட்கார்ந்திருப்பவர்கள் கடைக்காரர் பெயரைப் படித்ததும் அவருடைய மகனைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவனும் கூட்டத்தில்தான் இருப்பான்.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள் மண்டபம் முகாமில் தங்கியிருந்தார்கள். கையில் இருந்த சாமானை விற்றுத்தான் சிலர் முதல் வாரச் செலவைப் பார்த்தார்கள். அம்மா அவர்களிடம் ராணி சந்தன சோப்பு வாங்கியது. வானொலியில் வருஷக்கணக்காகக் கேட்ட பெயர் முதல்முறையாகக் கைக்கு வந்தது அப்படித்தான். நாங்கள் கும்மாளம் போட்டோம். விற்ற அக்கா அழுதுகொண்டிருந்தார். பிறந்த ஊரை விட்டுக் கப்பலேறி வந்து, தெரியாத கரையில் சோப்புக்கட்டியை விற்றவருக்கு அந்த விளம்பரப் பாட்டு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். எந்த விளம்பரத்தைப் பற்றி எழுதினாலும் அவர் முகம் எனக்கு வந்துவிடுகிறது.

1983-க்குப் பிறகு இலங்கையில் போர். வானொலிப் பாட்டுக்கு நடுவே வந்த செய்திகளின் தன்மை மாறியது. 1982-ல் தொடங்கிய இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினிக்காகக் கரையோர வீடுகளில் உயரமான ஆண்டெனாக்கள் கிழக்கே பார்த்து நின்றன; விளம்பரம் படமாக வந்தது. பாலம் வந்து பேருந்தும் வந்தபின் மதுரைக் கடைகள் பக்கத்தில் வந்துவிட்டன. அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. பிரசவ வலியில் ரயிலுக்குக் காத்திருந்த பெண்களைப் பார்த்தவள் நான். பாலம் வராமல் இருந்திருக்கலாம் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் விற்கிறவர் நம் வீட்டு நல்லது கெட்டதுக்கு வந்து நிற்பவராகவும் இருந்தது அந்தக் காலத்து விளம்பரத்தின் பலம். என் ஐயா செத்தபோது சாலைத் தெருக் கடைக்காரர் ரயிலேறிக் கோடித்துணியோடு வந்தார். இப்போது என் கைப்பேசிக்கு வரும் விளம்பரங்களுக்கு என் பிறந்த தேதிகூடத் தெரிகிறது. எனக்காக வந்து நிற்க அங்கே ஆள் கிடையாது.

ஒரு வேண்டுகோள். கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி, மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், வீட்டுப் பரணில் பழைய நோட்டீஸ், கடைப் பை, காலண்டர் அட்டை, பற்று நோட்டு இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் உப்புக்காற்றில் தாள் சீக்கிரம் மக்கிவிடும், தகரம் துருவேறும். வெயில் படாத வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். ஊர், கடை இருந்த தெரு, ஏறத்தாழ எந்த வருஷம் என்று கூடவே எழுதி வையுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நாடக நோட்டீஸையும் கல்யாணப் பத்திரிகையையும் சேர்த்து வைத்ததால்தான், 1994 முதல் சென்னையில் இருக்கும் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகத்தில் இன்று அவற்றைப் பார்க்க முடிகிறது. எங்கள் ஐயாவின் பெட்டி மூடியைப் போன மாதம் என் மகளை வைத்துப் படம் எடுத்துவிட்டேன். அடுத்து அம்மாவின் மஞ்சப்பைகள்.