12 பேனல் லைட் வேண்டாம், வாசல் பல்பை மாற்றுங்கள்

"வீட்டில் பழைய சோக் வைத்த டியூப் லைட் நான்கு, வாசலில் விடிய விடிய எரியும் 60 வாட் குண்டு பல்பு ஒன்று. ரெண்டு மாதத்துக்கு 520 யூனிட் வருகிறது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஹாலில் ஃபால்ஸ் சீலிங் செய்து 12 எல்இடி பேனல் போட்டால் பில் பாதியாகிவிடும் என்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா?" என்று விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்.

அழகுக்காக என்றால் உங்கள் விருப்பம். கரண்ட் பில்லுக்காக என்றால் வேண்டவே வேண்டாம்.

வாட்டை எரியும் மணி நேரத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட், அவ்வளவுதான் கணக்கு. உங்கள் டியூப் 40 வாட், சோக் தன் பங்குக்கு ஒரு 10 வாட் இழுக்கும், ஆக 50. தினம் 5 மணி நேரம் எரிந்தால் 60 நாளில் 15 யூனிட். அதே இடத்தில் 20 வாட் எல்இடி டியூப் என்றால் 6 யூனிட். ஹாலிலும் சமையலறையிலும் மாற்றினால் 18 யூனிட் மிச்சம். படுக்கையறை டியூப்கள் கெட்டுப்போகும்போது மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது வாசல் பல்புக்கு வாருங்கள். மாலை 6 முதல் காலை 6 வரை 60 வாட், 60 நாளைக்கு 43 யூனிட்! உங்கள் விளக்குகளிலேயே அதிகம் குடிப்பது இதுதான், ஆனால் யாரும் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 9 வாட் எல்இடி போட்டால் ஆறரை யூனிட், வெளிச்சமும் குறையாது. சிஎஃப்எல் கைவசம் இருந்தால் அதைப் போட்டாலும் 10 யூனிட்தான்.

அந்த எலக்ட்ரீஷியன் சொன்னதையும் பெருக்கிப் பாருங்கள். 15 வாட் பேனல் 12 என்றால் 180 வாட். ஒரே ஸ்விட்சில் எல்லாம் எரியும்படி இணைத்துவிட்டால் 5 மணி நேரக் கணக்கில் 54 யூனிட். ஒரு டியூப் 15 யூனிட்டில் முடித்த வேலை அது. இந்த வேலையில் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன், பேனல் விற்கும் கடையில் எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று கமிஷன், அதனால் 4 போதும் என்கிற இடத்தில் 12 வரும், பில் ஏறிய பிறகு கேட்டால் மீட்டரில் கோளாறு என்பார்கள். அப்புறம் பிளக்கில் செருகினால் பில் குறையும் என்று ஒரு 'பவர் சேவர்' டப்பாவை நீட்டுவார்கள். வீட்டு மீட்டர் கணக்கிடும் யூனிட்டை அது குறைக்காது, ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பில் பாதியாகும் என்பதும் நடக்காத காரியம். உங்கள் விளக்குகள் மொத்தமும் அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தாலும் சுமார் 100 யூனிட்தான் குறையும், மீதியெல்லாம் ஃப்ரிட்ஜ், ஃபேன், மோட்டார்.

ஆனால் உங்கள் விஷயத்தில் சின்ன மிச்சமும் பெரிய பணம், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 200 வரைக்கும் சலுகை. 501-ஐத் தொட்டுவிட்டால் முதல் 100 இலவசம் மட்டும் இருக்கும், 101 முதல் 200 வரைக்கான சலுகை போய்விடும். அதாவது, நீங்கள் ஏற்கனவே செலவழித்த அந்த நூறு யூனிட்டுக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கட்ட வேண்டும், கடைசியில் கூடிய ஒரு யூனிட்டுக்காக 200 ரூபாய்க்கு மேல் ஏறும். வாசல் பல்பை மட்டும் மாற்றினாலே நீங்கள் 484-க்கு இறங்கிவிடுவீர்கள். ரீடிங் எடுப்பவர் நாலு நாள் தாமதமாக வந்தால் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் தாண்டிவிடுகிறார்கள், மாதம் ஒருமுறை கணக்கெடுங்கள் என்று ஜனங்கள் எத்தனை வருஷமாகக் கேட்கிறார்கள்!

ராத்திரி எரியும் பழைய ஜீரோ வாட் பல்பு இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். பெயர்தான் ஜீரோ, இழுப்பது 15 வாட் வரை. இப்படிப் பெயர் வைத்து விற்க இத்தனை காலம் எப்படி விட்டார்கள் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

எல்இடி வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காமல் பெட்டியில் லூமன், அதாவது வெளிச்சத்தின் அளவு, எவ்வளவு என்று பாருங்கள், 9 வாட்டுக்கு 800-க்குக் குறையக் கூடாது. மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் ஸ்டார் முத்திரையும் இருக்க வேண்டும், எழுத்து பொடியாக இருந்தால் கடைக்காரரையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். உத்தரவாதத்துக்கு பில் வாங்கி வையுங்கள். பல்பை மாற்றுவதற்கு முந்தைய 10 நாளுக்கும் மாற்றிய பின் 10 நாளுக்கும் மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள், மற்றச் செலவு அப்படியே இருந்தால் வாசல் பல்பு ஒன்றுக்கே 6 யூனிட் குறைந்திருக்கும்.