பழைய காலர், கஃப் பொத்தான்களில் கீல் எதற்கு? இப்போதும் போட்டுக்கொள்ள முடியுமா?

கேள்வி கேட்டவருக்குத் தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு ஜோடி கஃப் பொத்தானும் இரண்டு காலர் பொத்தானும் கிடைத்திருக்கின்றன. கஃப் பொத்தான் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டையைப் பூட்டுவது. காலர் பொத்தான், அந்தக் காலத்தில் தனியாக இருந்த காலரைச் சட்டைக் கழுத்தோடு பூட்டுவது. தாத்தா பெரம்பூர் ரயில்வேயில் வேலை பார்த்தவராம். பொத்தான்களின் ஒரு முனை மடங்குகிறது, உடைந்துவிட்டதா அல்லது செய்ததே அப்படித்தானா என்று கேட்டிருக்கிறார்.

உடையவில்லை. செய்ததே அப்படித்தான். அந்த மடங்கும் இடத்தில்தான் பொத்தானின் உயிரே இருக்கிறது. நான் சென்னையில் தங்கசாலைத் தெருப் பக்கம் நகை ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறேன். தோடு, மூக்குத்தி, கொலுசு என்று நாள் முழுக்க வருவதற்கு நடுவில் எப்போதாவது இப்படி ஒரு பொத்தான் வந்து சேரும். வந்தால் கையில் இருக்கும் வேலையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதைத்தான் பார்ப்பேன். அவ்வளவு பிடிக்கும்.

இதைப் புரிந்துகொள்ள, போட்டுக்கொள்கிறவர் நிலையிலிருந்து யோசித்துப் பாருங்கள். வலது கை மணிக்கட்டில் போடும் பொத்தானை இடது கை மட்டும்தான் போட முடியும். இடது கைக்கு வலது கை. அதாவது எப்போதுமே ஒற்றைக் கை வேலை. காலர் பொத்தான் இன்னும் சிரமம். முன்பக்கத்துப் பொத்தான் தாடைக்கு அடியில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. பின்பக்கத்துப் பொத்தான் பிடரியில் இருக்கிறது. விரல் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சாதாரணச் சட்டைப் பொத்தான் என்றால் துணியோடு தைத்திருக்கும், காஜாவுக்குள் தள்ளினால் போதும். இதுவோ தனிச் சாமான், கை தவறினால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். போதாததற்கு அந்தக் காலத்துக் காலரும் கஃபும் கஞ்சி போட்டுப் பலகை மாதிரி விறைத்திருக்கும். முன் காலர் பொத்தான் நான்கு அடுக்கைத் தாண்டியாக வேண்டும்: சட்டைக் கழுத்துப் பட்டியின் இரண்டு முனை, அதன் மேல் காலரின் இரண்டு முனை. மடித்துப் போடும் டபுள் கஃபிலும் கணக்கு நான்கு அடுக்குதான்.

இப்போது பொத்தான் செய்கிறவருக்கு இரண்டு நிர்ப்பந்தம். தலை சின்னதாக இருந்தால்தான் காஜாவுக்குள் நுழையும். பெரிதாக இருந்தால்தான் கழன்று விழாமல் நிற்கும். அசையாத தலையை வைத்துக்கொண்டு இரண்டையும் முழுசாகச் சாதிக்க முடியாது. நடுவில் ஏதோ ஓர் அளவு வைப்பார்கள், போடுகிறவர் அதை அழுத்தித் திணிப்பார், நாளடைவில் காஜாவின் ஓரம் பிய்ந்துபோகும். கஞ்சி போட்ட துணி வளைந்து கொடுக்காது, சீக்கிரம் கிழியும்.

கீல் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது. குறுகலான வாசல் வழியே பெஞ்சை நீளவாக்கில் உள்ளே கொண்டுபோய், பிறகு குறுக்கே திருப்பிப் போடுகிறோமே, அந்த வழிதான். தலையைத் தண்டோடு நேர்க்கோட்டில் மடக்கினால் மெல்லிய குச்சியாகக் காஜாவுக்குள் போய்விடும். மறுபக்கம் வந்ததும் விரல் நுனியால் ஒரு தட்டு. குறுக்கே திரும்பி நின்றுகொள்ளும். திணிக்க வேண்டாம், இழுக்க வேண்டாம், காஜாவுக்கும் சேதமில்லை. முக்கியமாக, கண்ணால் பார்க்கவே வேண்டாம். கீல் பொத்தானை வடிவமைத்தவர்கள் விரலை மனதில் வைத்து வடிவமைத்தார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மேலே இருக்கும் கல்லும் சித்திர வேலையும் எதிரே நிற்பவர் பார்க்க. கீல் போட்டுக்கொள்பவருக்காக.

உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். ஒரு வகையில் மடங்கும் முனை தட்டையாக, நடுவில் ஒடுங்கி இரண்டு பக்கமும் அகன்று, திமிங்கில வால் மாதிரி இருக்கும். தண்டின் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும், வால் அதற்குள் உட்கார்ந்து ஒரு சின்ன ஆணியில் சுற்றும். இன்னொரு வகையில் முனை தோட்டா வடிவில் உருண்டையாக நீண்டிருக்கும். தண்டு முழுவதுமே இரண்டு கால்களாக இருக்கும், நடுவில் அந்த உருளை திரும்பும். தட்டை வால் துணியோடு படிந்து நிற்பதால் மணிக்கட்டில் உறுத்தாது. தோட்டா வகையைத் திருப்ப விரலுக்கு நல்ல பிடி கிடைக்கும். என்னைக் கேட்டால் தோட்டா வகைதான் கெட்டி. இரண்டு காலும் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

இனி ஸ்பிரிங். நல்ல பொத்தானை மெதுவாகத் திருப்பினால், நேராக வரும்போது ஒரு 'டிக்', குறுக்கே வரும்போது ஒரு 'டிக்'. நடுவில் எங்கேயும் நிற்காது. தண்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு மெல்லிய தகட்டு ஸ்பிரிங்தான் காரணம். மடங்கும் முனையின் அடிப்பாகத்தை உருண்டையாக விடாமல் சதுரமாகத் தட்டியிருப்பார்கள். தட்டையான முகம் ஸ்பிரிங் மேல் படியும்போது அசையாமல் நிற்கும். திருப்பினால் சதுரத்தின் மூலை ஸ்பிரிங்கை அழுத்தித் தள்ளிக்கொண்டு அடுத்த முகத்தில் போய் விழும். மாட்டிவிட்டதா இல்லையா என்று விரலுக்குச் சொல்வது அந்த 'டிக்'தான். கண் போகாத இடத்தில் வேலை செய்கிற சாமானுக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. ஸ்பிரிங் இல்லாத வகையும் உண்டு. அதில் ஆணியை இறுக்கமாகத் தட்டியிருப்பார்கள், உராய்வில்தான் முனை நிற்கும். புதிதில் நன்றாகவே இருக்கும், ஆணி தேய்ந்ததும் தொளதொளத்துவிடும்.

காலர் பொத்தானின் கதை வேறு. அதிலும் கீல் வைத்துச் செய்து பார்த்தார்கள். மாட்டியபின் தலையைக் கீழ்நோக்கி மடக்கிவிட்டால் டை சறுக்கிக்கொண்டு அதன் மேல் போகும், உறுத்தாது. நல்ல யோசனைதான். ஆனால் கழுத்தில் இழுவை ஓயாது. தலையைத் திருப்பும்போதெல்லாம், குனியும்போதெல்லாம் இழுக்கும், வியர்வையும் அங்கேதான் ஊறும். எத்தனை இணைப்பு இருக்கிறதோ அத்தனை இடத்தில் தேய்மானம். அமெரிக்காவில் நியூவர்க் நகரத்து ஜார்ஜ் கிரெமென்ட்ஸ் என்பவர் எதிர்த்திசையில் யோசித்தார். தலை, தண்டு, அடித்தட்டு எல்லாவற்றையும் ஒரே உலோகத் தகட்டிலிருந்து இழுத்து, பற்றுவைப்பே (உலோகத்தை உருக்கி ஒட்டும் வேலையே) இல்லாமல் ஒரு காலர் பொத்தான் செய்தார். 1884 மே மாதம் காப்புரிமை கிடைத்தது. இன்னொரு கம்பெனியோடு வழக்கு வந்து, 1893இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், அவர் பக்கம் தீர்ப்பானது. விரல் நுனி அளவுப் பொத்தானுக்கு உச்ச நீதிமன்ற வழக்கு! கழுத்தில் இணைப்பில்லாத பொத்தான் நிலைத்தது, மணிக்கட்டில் கீல் நிலைத்தது. இரண்டுமே சரியான முடிவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இடத்துக்கு இடம் பாரம் வேறு.

காலரைத் தனியாகக் கழற்றிப் போடும் பழக்கம் ஏன் வந்தது? துவைப்பதற்காகத்தான். நியூயார்க் மாநிலத்து டிராய் நகரத்தில் ஹன்னா மான்டேக் என்ற பெண் 1827இல் கணவரின் சட்டையிலிருந்து காலரை மட்டும் வெட்டி எடுத்துத் துவைத்ததில் தொடங்கியது என்று சொல்வார்கள். சட்டையில் முதலில் அழுக்காவது கழுத்துதானே. அப்புறம் டிராய் நகரமே காலர் நகரம் ஆனது. காலர்களை வெளுத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1864இல் கேட் முல்லனி என்ற இளம்பெண் அவர்களைச் சேர்த்துச் சங்கம் அமைத்து, வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் வாங்கினார். 1918இல் மதராஸ் தொழிலாளர் சங்கம் பிறந்த பெரம்பூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பொத்தானைப் பற்றிப் பேசும்போது துவைத்தவர்களை விட்டுவிடுகிறோம்.

நம் ஊரில் இதெல்லாம் யார் போட்டார்கள் என்றால், பெரம்பூர், ராயபுரம், வேப்பேரிப் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், ரயில்வே, துறைமுகம், கம்பெனி ஆபீஸ்களில் மேல் வேலையில் இருந்தவர்கள், அப்புறம் வக்கீல்கள். பாரிமுனையில் உயர்நீதிமன்றக் கட்டடம் 1892இல் திறந்தது. விறைத்த காலரும் அதற்கு மேல் வெள்ளைப் பட்டையும் வக்கீல் உடுப்பில் அந்தக் காலத்திலிருந்தே உண்டு. இன்றைக்கும் அந்தப் பட்டை இருக்கிறது. பின்னால் பொத்தானுக்குப் பதிலாகக் கொக்கியோ வெல்க்ரோவோ வந்துவிட்டது, அவ்வளவுதான்.

சென்னை வெயிலும் கடல் காற்றும் இந்தப் பொத்தான்களுக்கு ஆகாது. பெரும்பாலானவை ரோல்டு கோல்டு. உள்ளே பித்தளை, மேலே மெல்லிய தங்கத் தகடு. முதலில் தேய்வது கீல் ஓரம்தான். பித்தளை வெளியே தெரிந்ததும் வியர்வை பட்டுக் களிம்பு பிடிக்கும். உங்கள் தாத்தாவின் காலர் பொத்தானின் அடித்தட்டு எலும்பிலோ முத்துச்சிப்பியிலோ செய்ததாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கழுத்தில் பச்சைக் கறை படியாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. உட்புறத்தில் 375 என்று முத்திரை இருந்தால் அது 9 காரட் தங்கம். நமக்கு 916 பார்த்தே பழக்கம் என்பதால் நிறைய பேர் இந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் போலி என்று நினைத்து அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்காதீர்கள்.

நம் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் பட்டு ஜிப்பாவுக்குப் போடும் தங்கப் பொத்தான், சங்கிலி கோத்த ஜிப்பா பொத்தான் எல்லாமே இதற்குப் பங்காளிகள்தான். ஜிப்பாவை வெளுக்கப் போடும் முன் பொத்தானைக் கழற்றி எடுத்து வைத்துக்கொள்வோம். துவைப்புதான் அங்கேயும் காரணம். பின்பக்கம் தட்டையான வில்லையாகவோ, தோட்டுக்கு வைப்பது போலத் திருகாகவோ இருக்கும். திருகு கெட்டி, ஆனால் இரண்டு கை வேண்டும். நெஞ்சில் போடுவதால் இரண்டு கையும் கிடைக்கிறது, அதனால் கீலுக்கு அங்கே வேலையில்லாமல் போயிற்று.

இப்போது போட்டுக்கொள்ள முடியுமா என்ற கேள்வி. கஃப் பொத்தானைத் தாராளமாகப் போடலாம். கஃபின் இரண்டு பக்கமும் காஜா இருக்கிற, பொத்தான் தைக்காத சட்டை வேண்டும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் எந்த நல்ல டெய்லரிடம் சொன்னாலும் டபுள் கஃப் வைத்துத் தைத்துக் கொடுப்பார். அலங்காரத் தலை வெளிப்பக்கம், அதாவது சுண்டுவிரல் பக்கம் வர வேண்டும்.

அதற்கு முன் கீலைச் சோதியுங்கள். குறுக்கே திருப்பி வைத்து லேசாக உதறுங்கள். முனை தானாக மடங்கினால் ஸ்பிரிங் போய்விட்டது அல்லது ஆணி தேய்ந்துவிட்டது. குறடு வைத்து நீங்களே நெருக்காதீர்கள், தண்டின் கால் முறிந்துவிடும். ஆணி மாற்றுவது எளிது, பழையதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி போட்டு இரண்டு பக்கமும் தட்டிவிடலாம். ஸ்பிரிங் கொஞ்சம் கடினம், ஆனால் செய்யலாம். தண்டு அடியில் விட்டுப்போயிருந்தால் மட்டும் கவனம்: பற்றுவைக்க நெருப்புக் காட்டும் முன் ஸ்பிரிங்கைக் கழற்றியாக வேண்டும். சூடு பட்டால் விறைப்புப் போய் வெறும் தகடாகிவிடும். அவசரத்தில் அப்படியே ஊதிக் கொடுத்த பொத்தான்கள் பிறகு என்னிடம் வருகின்றன. கொடுக்கும்போதே, "அண்ணே, உள்ளே ஸ்பிரிங் இருக்கு, கழற்றிட்டுப் பற்று வைங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வேலை தெரிந்தவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ரோல்டு கோல்டைப் புளி, பாலிஷ் பவுடர் எதுவும் போட்டுத் தேய்க்க வேண்டாம். மேலே இருக்கும் தங்கம் போனால் போனதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு, மென்மையான பிரஷ், பிறகு நன்றாக உலர்த்துதல் போதும். சிப்பி, எலும்பு இருந்தால் ஊறவைக்கவே கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் சரி. கீலில் ஊசி முனையால் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டு, பத்துத் தடவை திருப்பி, துணியில் ஒற்றி எடுத்துவிடுங்கள். ஒற்றாமல் விட்டால் வெள்ளைக் கஃபில் கறை விழும்.

காலர் பொத்தானுக்குக் கழற்றும் காலரும், அதற்கேற்ற கழுத்துப் பட்டிச் சட்டையும் வேண்டும். அதைத் தேடிப் போவது சிரமம். இரண்டில் தண்டு குட்டையாக இருப்பது பிடரிப் பொத்தான். அது ஜிப்பாவின் மேல் காஜாவில் சரியாக உட்காரும், போட்டுப் பாருங்கள். நீளத் தண்டுப் பொத்தான் ஜிப்பாவுக்குத் தொங்கும். உங்கள் பொத்தான்களைக் கீல் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் படம் எடுத்துப் போட்டீர்களானால், ஸ்பிரிங் வகையா உராய்வு வகையா என்று பார்த்துச் சொல்கிறேன்.