இரும்புக்கையும் ராமபாணமும்

கேள்வி: நானும் நண்பர்கள் மூவரும் இருபது வருடமாக அறிவியல் புனைகதை நூல்கள், பழைய காமிக்ஸ், இதழ்கள் சேகரித்து வருகிறோம். நால்வரிடமும் சேர்த்து அறுநூறுக்கு மேல் தேறும். எல்லாமே பாலித்தீன் உறையில், பிரிக்காமல், புதுக்கருக்குக் கலையாமல் இருக்கின்றன. சமீபத்தில் சென்னையில் நடந்த ஒரு ரசிகர் விழாவுக்கு நால்வரும் போனோம். பெருத்த ஏமாற்றம். பொம்மை வியாபாரமும், வேஷம் கட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கும் சிறுசுகளும்தான். நாங்கள் கொண்டுபோன அரிய பிரதியை ஒரு பையன் பிரித்துப் பார்க்க வந்தான். தடுக்க வேண்டியதாயிற்று. உண்மையான ரசிகர்களுக்கென்று ஒரு மாநாட்டை, கலாம் பிறந்த எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் நடத்த அரசோ பெரிய நிறுவனமோ முன்வருமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், உச்சிப்புளி

பதில்: வராது. அரசும் வராது, நிறுவனமும் வராது. அப்படியே வந்தாலும் நீங்கள் கேட்பது கிடைக்காது. ‘மாநாடு’ என்ற சொல்தான் உங்களைக் கெடுத்திருக்கிறது. அதைக் கேட்டதுமே நமக்குப் பந்தல், தோரணம், வரவேற்புக் குழு, பிரியாணிப் பொட்டலம் எல்லாம் கண்முன் வந்துவிடும். இந்தக் கூட்டங்கள் பிறந்த கதை வேறு. நீங்கள் இப்போது கடிதம் போட்டிருக்கிறீர்களே, இதே மாதிரி ஒரு வாசகர் பக்கத்தில்தான் பிறந்தன.

1926 ஏப்ரலில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் என்பவர் நியூயார்க்கில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்ற அறிவியல் புனைகதை இதழைத் தொடங்கினார். அடுத்த வருடமே வாசகர் கடிதங்களைப் போட ஆரம்பித்தவர், எழுதியவரின் பெயரோடு முழு முகவரியையும் அச்சிட்டார். (நீங்கள் பெயரே வேண்டாம் என்கிறீர்கள்.) வாசகர்கள் ஆசிரியரை விட்டுவிட்டுத் தங்களுக்குள்ளேயே கடிதம் போட்டுக்கொண்டார்கள். நம்மைப் போன்ற கிறுக்கன் அடுத்த தெருவிலேயே இருக்கிறான் என்று தெரிந்தது. சங்கம் வைத்தார்கள், கையால் சுற்றும் இயந்திரத்தில் சொந்த இதழ் அடித்தார்கள். 1936இல் சில பேர் நியூயார்க்கிலிருந்து ரயிலேறி ஃபிலடெல்ஃபியா போய், ஒரு ரசிகர் வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள். 1937 ஜனவரி 3ஆம் தேதி இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஓர் அரங்கத்தை எடுத்துக் கூடினார்கள். வந்தவர்கள் இருபது பேர்கூடத் தேறவில்லை. இந்த இரண்டில் எது முதல் மாநாடு என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். வீட்டில் கூடிப் பேசியதெல்லாம் மாநாடு ஆகுமா என்கிறது லீட்ஸ் கட்சி. பங்காளிச் சண்டை எந்த ஊரில்தான் இல்லை?

அந்த இருபதுக்குள் ஒரு பத்தொன்பது வயதுப் பையனும் உண்டு. பின்னாளில் புகழ்பெற்ற அறிவியல் புனைகதை எழுத்தாளரான ஆர்தர் கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறி, 2008இல் கொழும்பில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். பாதிக் காரணம் கடலில் முங்குகிற ஆசை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான். 1964 டிசம்பர் புயல் அடிக்கும்வரை தனுஷ்கோடியில் கப்பலேறினால் அந்தப் பக்கம் இறங்கி ரயில் பிடித்துக் கொழும்பு போய்விடலாம். ஆக, லீட்ஸ் மாநாட்டுக்குப் போன ஆள் எட்டு வருடம் உங்கள் ஊருக்கு ஒரு கப்பல், ஒரு ரயில் தூரத்தில் இருந்திருக்கிறார். கடற்கரைக்குப் பெருமை தேட கலாமை மட்டுமே இழுக்க வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

சரி, வேஷத்துக்கு வருவோம். சிறுசுகள் மேல் உங்களுக்கு ஏன் இத்தனை காட்டம்? 1939 ஜூலையில் நியூயார்க்கில் அறிவியல் புனைகதை ரசிகர்களின் முதல் உலக மாநாடு. வந்தவர்கள் சுமார் 200 பேர். அதில் ஃபாரெஸ்ட் அக்கர்மேன் என்பவரும் அவருடைய தோழி மிர்ட்டில் டக்ளஸும் எதிர்கால மனிதர்களைப் போல உடுத்திக்கொண்டு வந்தார்கள். உடைகளை உருவாக்கியது அந்தப் பெண்தான். வேஷம் இன்றைய செல்ஃபியோடு வந்ததல்ல, பிறந்த குழந்தையோடு கூடப் பிறந்தது. அதோடு, வேஷத்தைப் பார்த்து முகம் சுளிக்க நம் தென்கடற்கரைக்காரர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? குலசேகரப்பட்டினத்தில் தசராவுக்கு எத்தனை காளி, எத்தனை குரங்கு, எத்தனை போலீஸ்காரர் வேஷம்! அதே குலசையில்தான் இஸ்ரோவின் ராக்கெட் தளத்துக்கு 2024இல் அடிக்கல் நாட்டினார்கள். வேஷமும் ராக்கெட்டும் ஒரே மணலில் இருக்கலாம் என்றால் உங்கள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி ரோபோ வேஷத்தில் நின்றால் என்ன குறைந்துவிடும்?

அதே 1939 கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. அமைப்பாளர்கள் தங்களுக்குப் பிடிக்காத ஆறு ரசிகர்களை உள்ளே விடவில்லை. அந்த ஆறு பேரில் ஒருவர் ஃபிரெடரிக் போல். பின்னாளில் பெரிய எழுத்தாளராகவும் பத்திரிகை ஆசிரியராகவும் ஆனார். நீங்கள் தடுத்த பையன் யார் பெற்ற பிள்ளையோ, என்ன ஆகப்போகிறானோ.

இப்போது அந்த அறுநூறு பிரதிகள். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ‘உறை’ வருகிறது, ‘அரிய’ வருகிறது, ‘புதுக்கருக்கு’ வருகிறது. ‘படித்தோம்’ என்ற சொல் எங்கேயும் வரவில்லை. சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தை அடுக்கிவைத்து, தொடக்கூடாது என்போம். மறுநாள் எடுத்துப் படித்தே ஆக வேண்டும் என்றும் சொல்லுவோம். உங்கள் நான்கு வீட்டிலும் இருபது வருடமாகச் சரஸ்வதி பூஜை நடக்கிறது, விஜயதசமி வரவே இல்லை.

சேகரிப்பாளர் என்ற முறையில் பார்த்தாலும் நீங்கள் செய்வது நஷ்டக் கணக்கு. உங்களுடையது உப்புக்காற்று அடிக்கிற ஊர். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பாலித்தீனை மூடி ஒட்டினால் ஈரத்தையும் உள்ளே வைத்துத்தான் ஒட்டுகிறீர்கள். ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்துத் தாளில் இறங்கும். உங்கள் பக்கத்தில் காமிக்ஸ் நாயகன் மாயாவியின் இரும்புக்கையே துருப்பிடிக்கும், பின் எம்மாத்திரம்? மலிவான காகிதம் தன்னுள் இருக்கும் அமிலத்தாலேயே பழுக்கும், அதை உறை தடுக்காது. அப்புறம் ராமபாணம் என்கிற புத்தகப் பூச்சி. ராமநாதபுரத்துக்காரருக்கு ராமபாணத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இருட்டும் ஈரமும் உள்ள, யாரும் கை வைக்காத அலமாரிதான் அதற்குச் சொர்க்கம். மாதம் ஒரு முறை எடுத்து, நிழலில் காற்றாட வைத்து, நாலு பக்கம் புரட்டினாலே பாதிப் பூச்சி ஓடிவிடும்.

வேஷம் போட்டு வந்த அக்கர்மேன் பின்னாளில் பெரும் சேகரிப்பாளர். புத்தகம், இதழ், படத்தில் பயன்படுத்திய பொம்மை என்று லட்சக்கணக்கான பொருட்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டில் குவிந்திருந்தன. சனிக்கிழமைகளில் அந்த வீட்டைத் திறந்துவிடுவார். முன்பின் தெரியாத பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். கடைசிக் காலத்தில் வழக்குச் செலவு, உடல்நலக் குறைவு என்று பெரும்பகுதியை விற்க வேண்டி வந்தது. பொருள் போனது. சனிக்கிழமை வந்துபோன பிள்ளைகள் இன்றும் பேசுகிறார்கள்.

அரசு உதவி கேட்டீர்களே, உலக மாநாடு நடப்பது ரசிகர்கள் கட்டும் உறுப்பினர் கட்டணத்தில்தான். பணம் கட்டுகிறவர் உறுப்பினர். கதைகளுக்குத் தருகிற ஹ்யூகோ விருதுக்கு ஓட்டுப் போடுவதும் அந்த உறுப்பினர்களே. நடத்துகிறவர்கள் தலைவர் உட்படச் சம்பளம் வாங்காத ரசிகர்கள். ஆயிரக்கணக்கில் ஆட்கள் கூடும் விழாவே இப்படி நடக்கும்போது, நான்கு பேருக்கு எதற்கு மானியம்?

பொங்கல் கழிந்து, மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் பயணிகள் ரயில் உங்கள் உச்சிப்புளியில் நிற்கும், ஆகவே வருகிறவனுக்கு வழி பிரச்சினை இல்லை. உங்கள் வீட்டுத் திண்ணை போதும். ஒரே புத்தகத்தை எல்லோரும் முன்கூட்டியே படித்துவிட்டு வாருங்கள். ஊர்ப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். இரட்டைப் பிரதிகளை ஒரு பெஞ்சில் பரப்பி, கை வைக்கச் சொல்லுங்கள். பேச விஷயம் வேண்டுமென்றால் ஒன்று தருகிறேன். மின்சாரம் பாய்ந்ததும் மாயாவி மறைந்துவிடுகிறார், இரும்புக்கை மட்டும் தெரிகிறது. அவர் உடம்பு முழுக்க ஒளி ஊடுருவிப் போகிறதென்றால் விழித்திரையிலும் நிற்காது. அப்படியானால் எதிரியை அவர் எப்படிப் பார்க்கிறார்? சட்டை எப்படி மறைகிறது? ஒரு பிளஸ் டூ பையனிடம் இதைக் கேட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்துகொள்ளுங்கள். மத்தியானச் சாப்பாடு வரை உங்களுக்கு வேலையே இருக்காது.

தேதி குறித்து எழுதினால் நானும் வருகிறேன். 1972இல் முத்து காமிக்ஸ் முதல் இதழாக வந்த ‘இரும்புக்கை மாயாவி’ என்னிடம் ஒன்று இருக்கிறது. பின்னட்டை இல்லை, நடுவில் நான்கு பக்கம் இல்லை. என் தம்பி ஏழு வயதில் கிழித்தது. அந்த நான்கு பக்கத்தில் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்களிடம் முழுப் பிரதி இருக்குமே? கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.