எலிக்கு வடிந்த வீக்கம் எனக்கும் வடியுமா?

கேள்வி: எனக்கு வயது 58. இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வீட்டிலேயே சேராங்கொட்டை லேகியம் கிண்டித் தருகிறேன் என்கிறார். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் வீக்கம் வடிந்ததாகப் படித்தேன். சாப்பிடலாமா டாக்டர்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம்மா. நீங்கள் படித்தது பொய்யில்லை. ஆனாலும் வேண்டாம்.

இந்தச் சோதனையில் எலியின் கணுக்காலில் மையால் ஒரு கோடு போடுவார்கள். அந்தக் கோடு வரை காலைத் திரவம் நிரம்பிய குழாயில் முக்கினால் மட்டம் எவ்வளவு ஏறுகிறதோ, அதுதான் பாதத்தின் அளவு. பிறகு கடற்பாசியிலிருந்து எடுக்கிற காராஜீனனை உள்ளங்காலில் ஊசியால் ஏற்றுவார்கள். சில மணி நேரத்தில் பாதம் கொழுக்கட்டை மாதிரி உப்பிவிடும். மருந்து தின்ற எலி, தின்னாத எலி, வீக்கத்தைக் குறைக்கிற இண்டோமெத்தாசின் மாத்திரை கொடுத்த எலி என்று ஒவ்வொன்றின் காலையும் மறுபடி மறுபடி முக்கி அளப்பார்கள். வலிக்கு வேறு சோதனை: சூடான தட்டில் விட்டு, எத்தனை நொடியில் காலை நக்குகிறது என்று பார்ப்பது.

சேராங்கொட்டையிலும் நல்ல ஆய்வுகள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே 1990களில் செய்திருக்கிறார்கள். வாதம் வரவழைத்த எலிகளுக்குக் கிலோ எடைக்கு 150 மில்லிகிராம் கணக்கில் கொடுத்தார்கள், வீக்கம் குறைந்தது. ஆனால் அந்த எலிக்கு வந்தது முடக்குவாதத்தைப் போன்ற நோய். உங்களுக்கோ தேய்மானம். அந்த 150-ஐ நம் எடையால் பெருக்கிக்கொள்ளவும் கூடாது. எலியின் உடம்பு மருந்தை நம்மைவிட வேகமாகக் கரைத்துவிடும்.

என் பெரிய பயம் அந்தக் கொட்டையின் தோல்தான். உள்ளே பருப்பு சாது. தோலில் இருக்கிற கறுப்பு எண்ணெய்தான் வண்ணார் துணிக்குக் குறி போட்டது, வெளுத்தாலும் போகாது. பட்ட இடம் கொப்புளித்துப் புண்ணாகும். முட்டிவலிக்கு அதைச் சுட்டுத் தொட்டு வைத்து, புள்ளி புள்ளியாகக் கறுத்த தழும்போடு வருகிற பெரியவர்களை இன்றும் பார்க்கிறேன். மா, முந்திரிக் குடும்பத்து மரம் இது. மாங்காய்ப் பால் பட்டாலே அரிப்பவர்கள் இதன் பக்கமே போகக்கூடாது. உள்ளே சாப்பிட்டுச் சிறுநீரகம் கெட்டவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

சித்த மருத்துவர்களுக்கு இதெல்லாம் தெரியும். கொட்டையின் மூக்கை வெட்டி, முறைப்படி சுத்தி செய்யாமல், அதாவது நஞ்சை நீக்காமல், அவர்கள் மருந்தில் சேர்ப்பதில்லை. 1940ஆம் வருட மருந்துச் சட்டத்தின் விதிகளிலும் இது நச்சுச் சரக்குப் பட்டியலில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சுத்தி செய்தாரா, எப்படிச் செய்தார் என்று கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னாலும் சாப்பிடாதீர்கள். சித்த மருந்துதான் வேண்டுமென்றால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் எக்ஸ்ரேயையும், இப்போது சாப்பிடுகிற மாத்திரைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

முழங்காலுக்கு இப்போதைக்குத் தொடைத் தசைப் பயிற்சியும், எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பதும், தேவைப்படும்போது வலிக்குத் தடவுகிற டைக்ளோஃபினாக் ஜெல்லும் போதும். லேகியத்தை ஏற்கெனவே ருசி பார்த்திருந்து, உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், கறுத்துப் போனாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மிச்ச லேகியத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.