திரௌபதையின் கேள்வியைத் தாண்டிப் போகாதீர்கள்

கேள்வி: ஐயா, பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீப்பள்ளயத்துக்கு (தீமிதிப்புத் திருவிழாவுக்கு) பிள்ளைகளையும் கூட்டிப்போவேன். பாரதத்தில் சூதாட்டச் சபை வந்தாலே சங்கடமாக இருக்கிறது. தருமர் மனைவியைப் பணயம் வைக்கிறார், வீட்டுமர் (பீஷ்மர்) பார்த்துக்கொண்டிருக்கிறார். ‘இதில் என்ன தருமம்?’ என்று மகள் கேட்கிறாள். அறநெறி வகுப்பில் இந்தப் பகுதியை விட்டுவிடலாமா?
– ஓர் ஆசிரியை, கல்முனை

பதில்: விடவே கூடாது. உங்கள் மகள் கேட்டதைத்தான் திரௌபதையும் கேட்டாள். கூட்டிப்போக வந்த தேர்ப்பாகனிடம், “முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா? கேட்டு வா” என்று திருப்பி அனுப்புகிறாள். தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்த பிறகும் அதே கேள்விதான். வீட்டுமர் என்ன சொல்கிறார்? தருமம் நுட்பமானது, தன்னை இழந்தவனுக்குப் பிறரைப் பணயம் வைக்க உரிமையில்லை, ஆனாலும் மனைவி கணவனுக்கு உட்பட்டவள், என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை என்கிறார். குரு வம்சத்துப் பெரியவர் கைவிரித்ததை வியாசர் மறைக்கவில்லை.

நாம்தான் மறைக்க ஓடுகிறோம். விதி என்கிறோம், சத்தியத்துக்குக் கட்டுப்பட்டார் என்கிறோம், கண்ணன் சேலை கொடுத்தானே என்கிறோம். சேலை அவள் மானத்தைக் காத்தது. கேள்விக்கு அது பதில் ஆகாது. திருதராட்டிரன் வரம் கொடுத்ததும் அப்படித்தான். தீய சகுனங்களைக் கண்டபின் கொடுத்தான். தீர்ப்புச் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்கு அந்தச் சபையில் பேசியவர்களைக் காட்டுங்கள். உண்மை தெரிந்தும் சபையில் வாய் திறக்காதவன் பொய்யின் பாதிப் பாவத்தைச் சுமக்கிறான் என்று விதுரர் எச்சரிக்கிறார். அப்புறம் விகர்ணன். துரியோதனனின் சொந்தத் தம்பி. சூது வெறியில் செய்ததைச் செய்ததாகக் கொள்ளக்கூடாது, அவள் ஐவருக்கும் பொதுவானவள், தருமர் முன்னமே தன்னை இழந்துவிட்டார், சகுனி தூண்டித்தான் அவளை வைத்தார்; ஆகவே அவள் வெல்லப்படவில்லை என்று எழுந்து சொல்கிறான். கர்ணன் அவனைச் சிறுபிள்ளை என்று அடக்குகிறான். அவ்வளவு தெளிவாகப் பேசியவன் பின்னாளில் அண்ணன் பக்கமே நின்று போரிட்டு வீமன் கையால் சாகிறான். கொன்ற வீமனே வருந்துகிறான். இந்த ஒருவனைப் பற்றியே ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம்.

பாண்டிருப்பில் நாம் அம்மன் என்று கும்பிட்டுத் தீக்குழியில் இறங்குவது கேள்வி கேட்ட அந்தப் பெண்ணின் பேரில். அவள் கேள்வியை மட்டும் வகுப்பில் விட்டுவிட்டால் பிள்ளைகள் யாரைக் கும்பிடுகிறார்கள்? மகளுக்கு இன்றே விடை சொல்லித் தீர்க்க வேண்டியதில்லை. வீட்டுமர் இடத்தில் நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று கேளுங்கள். “பயமாக இருந்திருக்கும்” என்றாலும் திருத்தாதீர்கள்; யாருக்குப் பயம், ஏன் பயம் என்று அடுத்ததைக் கேளுங்கள்.