வாசகர் கேள்விகள்: நினைவு மலரை எறிந்துவிடாதீர்கள்

திருகோணமலை உவர்மலையில் பிறந்து, கனடாவின் ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை செய்யும் நூலகர், விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கிறார். இந்த மாதம் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அவர் பதில் எழுதுகிறார்.

கேள்வி: நூலகர் என்றால் நாள் முழுக்கப் புத்தகம் வாசிக்கலாம் என்று நினைக்கிறேன். உண்மையில் அங்கே என்ன வேலை? (வாசகர், பாலையூற்று)

ஐயா, வேலை நேரத்தில் வாசிக்கக் கிடைப்பதே இல்லை. வீட்டுக்குப் போய்த்தான் வாசிக்க வேண்டும். எனக்குப் பிடித்த வேலை, உதவி மேசையில் இருப்பது. அங்கே வருகிற பிள்ளைகள் முதலில் கேட்கும் கேள்வி அநேகமாக அவர்களுடைய உண்மையான கேள்வியாக இருக்காது. "இலங்கையைப் பற்றிய புத்தகங்கள் எங்கே?" என்று ஒரு பிள்ளை கேட்டார். இலங்கை வரலாற்று நூல்கள் இருக்கும் டிஎஸ் 489 என்ற தட்டைக் கைகாட்டி அனுப்பியிருக்கலாம். எந்தப் பாடத்துக்கு, எவ்வளவு எழுத வேண்டும் என்று கொஞ்சம் கதைத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவருடைய அம்மம்மா ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்களுக்கு என்ன சம்பளம் கொடுத்தார்கள் என்று அறிய வேண்டுமாம். அது டிஎஸ் தட்டில் கிடைக்காது. தொழிலாளர் வரலாறு எச்டி பகுதியில் இருக்கிறது, பழைய அரசாங்க அறிக்கைகள் இன்னொரு மாடியில். அன்றைக்குப் பின்னேரம் முழுக்க அவரோடுதான் போனது.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதினார். நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. கனடாவில் நூலகவியல் படிக்கிறவர்களும் அவரைப் படிக்கிறார்கள். வகுப்பில் அவருடைய பெயரைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மற்ற நேரமெல்லாம் ஆய்விதழ்ச் சந்தாக்களோடு போகும். விலை ஏறிக்கொண்டே இருக்கும். எதை வைத்திருப்பது, எதை நிறுத்துவது என்று பேராசிரியர்களோடு பேசித் தீர்க்க வேண்டும். எனக்குப் பிடிக்காத வேலை, ஆனால் யாராவது செய்யத்தானே வேண்டும்.

கேள்வி: அக்கா, எல்லாம் போனிலேயே கிடைக்கிறது. ஏஐயிடம் கேட்டால் உசாத்துணைப் பட்டியலும் தருகிறது. இனி லைப்ரரிக்கு ஏன் போக வேண்டும்? (கம்பஸ் மாணவர், கோணேசபுரி)

தம்பி, போனில் கிடைப்பதை நன்றாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம். போன தவணை ஒரு மாணவி அப்படி ஒரு பட்டியலோடு என்னிடம் வந்தார். எழுதியவர் உண்மையான ஆய்வாளர், ஆய்விதழும் உண்மை. தொகுதி எண், பக்க எண் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அந்தத் தொகுதியை எடுத்துப் பார்த்தால், அதே பக்கங்களில் வேறொருவர் எழுதிய வேறொரு கட்டுரை. பட்டியலில் இருந்த கட்டுரையை உலகத்தில் ஒருவருமே எழுதவில்லை. இந்தச் செயலிகள் அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதுபவை. அதனால் மேற்கோள் மாதிரியே இருக்கும் ஒன்றைச் சுலபமாக உருவாக்கிவிடும்.

ஒவ்வொரு தலைப்பையும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்கொலரில் போட்டுப் பாருங்கள். கட்டுரையை இணையத்தில் அடையாளம் காட்டும் டிஓஐ எண் இருந்தால் அதைத் திறந்து, அதே தலைப்புத்தான் வருகிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் உங்கள் கம்பஸ் நூலகரிடம் போங்கள். அவர் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார். கேள்வியோடு வருகிற பிள்ளையைக் கண்டால் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

கேள்வி: என் தகப்பனார் சேர்த்து வைத்த கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள், செத்தவீட்டுக் கல்வெட்டுகள் இரண்டு பெட்டி இருக்கின்றன. பூச்சி அரிக்கிறது. பிள்ளைகள் எரிக்கச் சொல்கிறார்கள். (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருக்கடலூர்)

ஐயா, தயவுசெய்து எரிக்க வேண்டாம். உங்கள் கேள்வியைப் படித்த இரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை.

ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் கல்வெட்டுப் புத்தகத்தை நாங்கள் தேவாரம் பாடி முடிந்ததும் அலுமாரிக்கு மேலே போட்டுவிடுகிறோம். ஆனால் தேவாரப் பக்கங்களைத் தாண்டினால் உள்ளே என்ன இருக்கிறது? இறந்தவர் எந்த ஊரில் பிறந்தார், எங்கே படித்தார், எங்கே சம்பந்தம் செய்தார், டொக்யாட்டில் என்ன வேலை பார்த்தார், 1957இல் பிரித்தானியக் கடற்படை போன பிறகு சீவியத்துக்கு என்ன செய்தார். கடைசியில் வம்சாவளி. திருகோணமலையின் சாதாரண சனத்தைப் பற்றி இவ்வளவு விவரம் எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் கிடையாது. பல மலர்கள் சில நூறு பிரதிகளோடு நின்றுபோனவை. உங்கள் பெட்டியில் இருப்பது கடைசிப் பிரதியாகக்கூட இருக்கலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. அதற்குப் பிறகும் நாங்களே எங்கள் வீட்டில் நெருப்பு வைக்கலாமா?

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கச்சான் காற்று வீசும் இந்த மாதங்களிலேயே செய்துவிடுங்கள். மாரி தொடங்கினால் பூஞ்சணம் பிடித்துவிடும். மலர்களை நிழலில், காற்றுப் படும்படி விரித்து வையுங்கள். வெயிலில் போட்டால் தாள் முறுகி ஒடியும். மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். பிறகு நடுவில் இருக்கும் கம்பியைப் பாருங்கள். கடல் காற்றில் அது துருப்பிடித்து, சுற்றிவரத் தாளைத் தின்றிருக்கும். கம்பியை நிமிர்த்தி, பின்பக்கத்தால் மெதுவாகத் தள்ளிக் கழற்றுங்கள். இழுத்தால் தாளும் சேர்ந்து வரும். அதே ஓட்டைகளில் வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்துக் கட்டினால் போதும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே வேண்டாம். சில வருடத்தில் அது மஞ்சளாகி, பசை எழுத்துக்குள் இறங்கிவிடும். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டவும் வேண்டாம், உள்ளே ஈரம் நிற்கும். கறையான் வராமல் பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள்.

புகைப்படம் செருகியிருந்தால் பின்னால் பென்சிலால் பெயர் எழுதுங்கள். இது உங்களால் மட்டும் முடியும் ஐயா. உங்கள் பிள்ளைகளுக்கு அந்த முகங்கள் தெரியாது.

அப்புறம், 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தோடு தொடர்புகொள்ளுங்கள். ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், நினைவு மலர்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து யாரும் இலவசமாக வாசிக்கும்படி இணையத்தில் வைக்கிறார்கள். ரொறன்ரோவில் என்னிடம் வரும் மாணவர்களை நான் அங்கேதான் அனுப்புகிறேன். பிள்ளைகளுக்குப் பெட்டி இடைஞ்சலென்றால், நான் ஊரில் நிற்கும்வரை பத்திரிகை மூலம் சொல்லி அனுப்புங்கள், வந்து உங்களோடு இருந்து பிரித்துத் தருகிறேன்.

கேள்வி: கனடாவில் மீன் கிடைக்குமா? (வாசகி, நிலாவெளி)

கிடைக்கும், ஐஸ் வைத்தது. இங்கே வந்த நாள் தொடக்கம் காலையும் பின்னேரமும் மீன்தான்.

கேள்வி: கனடாக்காரருக்குக் கிரிக்கெட் தெரியுமா? அங்கே என்ன விளையாட்டுப் பார்ப்பீர்கள்? (மாணவர், லிங்கநகர்)

தம்பி, உலகத்தின் முதல் சர்வதேசக் கிரிக்கெட் போட்டியே கனடாவும் அமெரிக்காவும் ஆடியதுதான், 1844இல் நியூயோர்க்கில். ஆனால் 2003 உலகக் கிண்ணத்தில் இலங்கை அவர்களை 36 ஓட்டங்களுக்குச் சுருட்டி, ஐந்து ஓவர் முடிவதற்குள் வென்றது. இப்போது கோடையில் ஸ்காபரோப் பூங்காக்களுக்குப் போனால் எங்கள் பொடியன்கள் டென்னிஸ் பந்தில் ஆடுவதைப் பார்க்கலாம்.

நான் விரும்பிப் பார்ப்பது ஐஸ் ஹொக்கி. ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப்ஸ் அணி கடைசியாகக் கிண்ணம் வென்றது 1967இல். அப்போது பிறக்காத பிள்ளைகள் இன்றைக்கும் நீல ஜேர்சியோடு நூலகத்துக்கு வருகிறார்கள். அந்த விசுவாசம் எனக்குப் பிடித்திருக்கிறது. 2019இல் ராப்டர்ஸ் கூடைப்பந்துக் கிண்ணம் வென்ற இரவு நகரம் தூங்கவே இல்லை.

என் மனதைத் தொட்டது வேறொன்று. பெண்களுக்கான புதிய தொழில்முறை ஹொக்கி லீக்கின் முதல் ஆட்டம் 2024 ஜனவரி 1ஆம் திகதி ரொறன்ரோவில் நடந்தது. ரொறன்ரோ தோற்றுப்போனது. ஆனாலும் சின்னப் பெண் பிள்ளைகள் அரங்கத்தின் கண்ணாடித் தடுப்பில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்தார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்களுக்கு வலைப்பந்து மட்டும்தான். ஏகாம்பரம் மைதானத்தில் ஃபுட்போல் நடந்தால் றோட்டில் நின்றுதான் பார்ப்போம். உங்களுக்குத் தங்கச்சி இருந்தால் அவரையும் மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். பார்ப்பதற்கு இல்லை, ஆடுவதற்கு.

கேள்வி: ரொறன்ரோவா, திருகோணமலையா, எது நல்ல நகரம்? (வாசகர், அன்புவழிபுரம்)

கையில் காசில்லாத ஒருவர் எங்கே போய் நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்துத்தான் நான் ஒரு நகரத்தை மதிப்பிடுவேன். ரொறன்ரோவில் பொது நூலகத்துக்கு 100 கிளைகள் இருக்கின்றன. பனிக்காலத்தில் வேலை இழந்தவர், வயதான தனி ஆள், புதிதாக வந்த அகதி, எவரும் உள்ளே போய் வெப்பத்தில் இருக்கலாம். ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. சில கிளைகளில் தமிழ்ப் புத்தகங்களும் உண்டு.

திருகோணமலையில் அந்த இடம் கடற்கரை. வாசல் இல்லை, ரிக்கெற் இல்லை. பின்னேரம் டச்சு விரிகுடாப் பக்கம் போனால் தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் எல்லாம் ஒரே மணலில் இருக்கின்றன. இது சின்ன விஷயம் இல்லை, எங்கள் ஊர் பட்ட பாட்டைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் இருட்டிய பிறகு ஒரு பெண் தனியே போய் இருக்க இன்னும் தயங்குகிறாள். வெளிச்சம் போடலாம், நிழல் மரங்களும் நடலாம். சோற்றுப் பார்சல் சுற்றிவரும் லஞ்ச் சீட்டைச் சாப்பிட்ட பிறகு மணலில் போட வேண்டாம். கோட்டைப் பக்கத்து மான்கள் உப்புக்கும் எண்ணெய்க்கும் ஆசைப்பட்டு அதைத் தின்கின்றன. முந்தநாள் ஒரு மான் பாதி சீட்டை விழுங்கி, மீதி வாயில் தொங்க, இருமிக்கொண்டு நின்றது. ஓட்டோக்கார அண்ணை ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் போய் இழுத்து எடுத்தார்.

கேள்வி: மகன் செப்டெம்பரில் ரொறன்ரோவுக்குப் படிக்கப் போகிறான். என்ன கொடுத்து அனுப்ப? (ஒரு தாய், உப்புவெளி)

அம்மா, குளிர் ஜக்கெற்றும் சப்பாத்தும் அங்கேயே வாங்கட்டும், இங்கே வாங்குவது அந்தக் குளிருக்குப் போதாது. மிளகாய்த்தூள் கொஞ்சம் கொடுங்கள். அறை கிடைத்ததும் முகவரிக் கடிதத்தோடு போய்ப் பொது நூலக அட்டை எடுக்கச் சொல்லுங்கள், அங்கே படிப்பவர்களுக்கு இலவசம். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். அந்த நேரத்தில் தனியே அறையில் கிடந்தால் மனம் சோரும். நூலகத்தில் போய் இருந்து படிக்கட்டும்.

நீங்கள் கட்டாயம் கோல் எடுங்கள். போகும்போது நேர வித்தியாசம் ஒன்பதரை மணித்தியாலம். நவம்பரில் அங்கே மணிக்கூட்டை மாற்றுவார்கள், பிறகு பத்தரை. நீங்கள் இரவு எட்டு மணிக்கு எடுத்தால் அவருக்குக் காலை ஒன்பதரை. வகுப்பு நாட்களில் அவசரமாக ஓடுவார், ஞாயிற்றுக்கிழமையென்றால் ஆறுதலாகக் கதைக்கலாம்.